நான்கு நாள் ஹவுஸ்ஃபுல்

வால்பரைசோவில், துறைமுகத்துக்கு ஒரு தெரு தள்ளி
ஒரு தியேட்டர். அதில் நான் டார்ச் பிடிப்பவள்.
இருட்டில் இருக்கை காட்டுவது என் வேலை.
யார் கை யார் முழங்காலில் என்று
காட்டாமலிருப்பதும்.

‘கஞ்சி போட்ட காலர்’ என்று ஒரு படம் வந்தது.
ஒரு சலவைக்காரி, ஒரு கப்பல் முதலாளியின் மகன்,
நடுவில் ஒரு சட்டை.
மீதியை நீங்களே சொல்லிவிடலாம்.
நானும் போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

போஸ்டரில் இல்லாதது:
சலவைக்காரியாக நடித்த எலோய்சாதான்
நிஜத்தில் கப்பல் முதலாளியின் மகள்.
சீமானாக நடித்த ரிகோபெர்த்தோ
எங்கள் மேட்டுக்காரன். ரொட்டி சுடுபவரின் பிள்ளை.
கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டில்
தகர வீடு.
அவளுக்கு இஸ்திரிப் பெட்டி எந்தப் பக்கம் சுடும் என்று தெரியாது;
அவனுக்கு எந்தக் கரண்டி மீனுக்கு என்று.
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.
எத்தனை நாள், எங்கே வைத்து என்று
பத்திரிகை எழுதவில்லை.

அப்பா தோன் எவாரிஸ்தோ சத்தம் போடுகிற ஆளில்லை.
படத்தைத் தடுத்தால் ஊரே பார்க்கும்.
ஆகவே டிக்கெட் வாங்கினார்.
எல்லாவற்றையும்.
அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கை, தினம் மூன்று காட்சி, நான்கு நாள்.

வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை.
திரும்பிப் போனவர்கள் எதிர்த் தியேட்டரில்
குதிரைப் படம் பார்த்தார்கள்.
சாந்தியாகோவிலிருந்து தயாரிப்பாளர் வாழ்த்துத் தந்தி அடித்தார்;
மேனேஜர் அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினார்.
உள்ளே நான், தியேட்டர் பூனை,
அப்புறம் கம்பெனி குமாஸ்தா அனாக்லெத்தோ.

காலையில் உறையில் பணம் கொண்டுவருவார்.
யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம்.
தானும் பார்க்கக் கூடாதென்று உத்தரவு.
நேர்மையான மனிதர்.
ஆபீஸ் அறை நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து
கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டு
திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.
எதிரே, கதவோரம், நான்.

முதல் நாள் முழுக்க என் செருப்பைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் அந்த இடம் வந்தது.
எலோய்சா சட்டைமேல் பெட்டியை வைத்துவிட்டு
வசனம் மறந்து நிற்கிறாள்.
புகை வருகிறது. நிஜப் புகை.
ரிகோபெர்த்தோ சிரித்துவிடுகிறான்,
சீமான் மாதிரி இல்லை,
எங்கள் சந்தில் சிரிப்பது மாதிரி,
கடைவாயில் இல்லாத பல் தெரிய.
மூன்று நொடி இருக்கும். பிறகு இருவரும் சுதாரித்துக்கொண்டு
மறுபடி பொய்க்குத் திரும்புகிறார்கள்.

வாயைப் பொத்தினேன். டார்ச் குலுங்கியது.
குமாஸ்தா முன்னால் சாய்ந்தார்,
பொடி எழுத்து வாசிக்கிறவர் போல.
அதன்பின் எல்லாக் காட்சியும் அப்படித்தான் ஓடின.
படம் என் முகத்தில் விழுந்து
அங்கிருந்து அவருக்குப் போயிற்று.
அவருக்கும் ஒரு காலர் உண்டு, கழற்றி மாட்டுகிற வகை,
உள்பக்கம் இழை பிரிந்தது.
எங்களுக்கு நடுவே வர்க்கம் என்றால்
அவர் டையின் அகலம். பெரிய அகலமில்லை.
ஆனாலும் டை டைதானே.

மூன்றாம் நாள் துணியில் சுற்றி ஒரு எம்பனாடா கொண்டுவந்தார்.
வெங்காயம் கூடுதல். ஓரத்தைப் பூனை தின்றது.

நான்காம் நாள், திரையில் கல்யாண மணி அடிக்கும்போது
முதன்முறையாகப் பேசினார்:
“அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் அப்படிச் சிரிக்கிறாய்?”
“சட்டை கருகுகிறது.”
யோசித்தார்.
“யாருடைய சட்டை?”

படம் பெட்டிக்குள் போயிற்று.
கணக்குப் புத்தகத்தில் அது வெற்றிப் படம்.
எலோய்சாவைக் கப்பலேற்றிவிட்டார்கள் என்கிறார்கள்.
அதே கப்பலில் ரொட்டி சுடப் புது ஆள் ஒருவன் ஏறினான் என்று
மூட்டை தூக்கும் என் சித்தப்பா சத்தியம் செய்கிறார்;
அவர் சத்தியம் செய்யாத விஷயம் குறைவு.

திங்கட்கிழமை வேறு படம், வேறு கூட்டம்.
வரிசையில் அனாக்லெத்தோ, டை இல்லாமல்,
சொந்தக் காசில் ஒரே ஒரு டிக்கெட்.
“எந்த இருக்கை காட்ட?” என்றேன்.
திரை தெரியாத இடமாக ஒன்று, என்றார்.