பதினைந்தரைப் பெட்டி

கிலோ எண்பதுக்குப் போன ஆடியில்
வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன்,
மாதேஸ்வரியின் வண்ணச் செலவு
நாலு வருசமும் என்னோடது என்று.

இது மாசி.
பாலக்கோடு மண்டியில் பெட்டி நாற்பது ரூபாய்.
பறிகூலிக்கே கட்டவில்லை.
வெள்ளிச்சந்தை ரோட்டோரம்
வண்டியோடு கவிழ்த்துவிட்டு நிற்கிறேன்.
மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்கின்றன.

அங்கேயே வந்துவிட்டார்கள்
ரசீது புத்தகத்தோடு இரண்டு பேர்.
கும்பகோணத்திலிருந்து அவள் அனுப்பிய சீட்டில்
துணி இரண்டு மீட்டர்,
ஆறாம் நம்பர் தூரிகை,
ஆளிவிதை எண்ணெய்,
சிவப்பு ஒரு ட்யூப், அறுநூற்று இருபது.

சுண்டுவிரல் நீளம்தான் இருக்குமாம்.

மனசுக்குள் வகுத்துப் பார்த்துச்
சிரித்துவிட்டேன்.
காலுக்கடியில் கிடப்பதை அவர்களும் பார்த்தார்கள்.
"கஷ்டம்னா அடுத்த மாசம் வர்றோம்ணா."

உரக்கடைப் பாக்கிக்கு மடித்து வைத்திருந்ததை
எண்ணாமல் எடுத்துக் கொடுத்தேன்.
எண்ணினால் கை வராது.

பெயர் கேட்டார்கள்.
சென்னகேசவன், தக்காளி.
அப்படியே எழுதினார்கள்.

பைக் கிளம்பும்போது கத்திச் சொன்னேன்:
அந்தப் பிள்ளையை
சிவப்பில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாமென்று
சொல்லுங்கள்.