பெட்டி ஏற்ற முதல் பத்து நிமிசம்

முதலில் வந்தது தண்ணிப் பவுசர்.
"என்ர பெற்றரியில கொழுவுங்க" என்றான் சாரதி.
அதில் இரண்டு பெற்றரி, தொடராய். இருபத்துநாலு வோல்ட்.
என்ர புல்வெட்டி பன்னிரண்டுக்குப் பிறந்தது.
வேணாம் என்றேன்.
பொம்பிளைக்குப் பயமாக்கும் என்று நினைத்தபடி போனான்.
போகட்டும்.

நாளைக்கு வலய மட்ட எல்லே.
டச்பார் மைதானத்தில் புல்லு
பிள்ளைகளின் முழங்காலுக்கு நிற்கிறது.

இரண்டாவதாய் வந்தது
மெர்வின் ஒக்கர்ஸின் மலர்ச்சாலை வான்.
கண்ணாடிக்குள் வெள்ளைத் துணி, குஞ்சம், காலியான தட்டு.
மூன்று மணிக்குக் கல்லடி வேலூரில் எடுப்பு.
"பத்து நிமிசம்தான் இரிக்கி, நிரஞ்சலா.
செத்தவர் ஸ்ரேசன் மாஸ்ரர்.
பிந்தினா எழும்பி வந்து மணி கேப்பார்."

எஞ்சினை நிப்பாட்டு.
"ஓடவிட்டாத்தானே பவர் வரும்?"
இது சின்ன வயிறு, மெர்வின்.
ஓடுகிற வான் அண்டாவோடு சோறு கொட்டும்.
சாவியைக் கழற்றி என்ர கையில் தா.

மூடியைத் திறந்தேன்.
வீக்கமில்லை, வெடிப்பில்லை,
முனைகளில் மட்டும் பச்சைப் பூ. தேய்த்தேன்.
மெர்வினின் கை சிகரெட்டுக்குப் போனது.
பார்த்தேன்.
கை வெறுமையாய்த் திரும்பி வந்தது.
பெற்றரி விடும் மூச்சு எங்களுக்குத் தெரியாது,
நெருப்புக்குத் தெரியும்.

என்ர இடப்புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கீறு.
போன மாசி, கடைசிக் கவ்வியை நேரே பெற்றரியில் வைத்த நாள்.
அன்றிலிருந்து
வெல்டிங் கடைக் கண்ணாடி இல்லாமல் நான் குனிவதில்லை.

சிவப்பு, முதலில் செத்ததுக்கு.
செத்தது என்றதும் மெர்வின் வானைத் திரும்பிப் பார்த்தான்.
சிவப்பின் மற்ற நுனி வானின் பிளஸ்ஸில்.
கறுப்பு வானின் மைனஸில்.
இனி மிச்சம் ஒரேயொரு நுனி.
கண் பெற்றரியைத்தான் தேடும், கையும் அங்கேதான் ஓடும்.
கையை இழுத்துக்கொண்டு போய்
எஞ்சினடியில் பெயின்ற் உரிந்த போல்ட் ஒன்றைக்
கடிக்க வைத்தேன்.
பெற்றரிக்கு ஒரு முழம் அங்கால.

பிளேட்டை விலக்கி, பிரேக்கை மிதித்து, ஏறி இருந்தேன்.
ஆசனத்தில் ஆள் பாரம் இல்லாவிட்டால்
இந்த மெசின் எழும்பாது.
டிக்.
சாவியை விட்டேன்.
டிக் டிக்.
"வானை ஸ்ராட் பண்ணட்டா?"
வேணாம். பொறு. ஊறட்டும்.
அவனுடைய ஃபோன் அடித்தது. செத்த வீட்டிலிருந்து.
"பாலத்தடியில வாறன்" என்றான், மைதானத்தில் நின்றபடி.
மறுகா திருப்பினேன்.
இருமியது, கறுப்பாய்த் துப்பியது, பிடித்துக்கொண்டது.
புல்லுக்குள்ளிருந்து ஆள்காட்டியொன்று ஏசிக்கொண்டு பறந்தது.

நான் இறங்கேலாது, நீதான் கழற்ற வேணும்.
அவன் கை சிவப்புக்குப் போக, கத்தினேன்.
போட்ட வழியாலேயே திரும்பி வா!
போல்ட்டில் கறுப்பு, வானில் கறுப்பு,
வானில் சிவப்பு, கடைசியாய் இங்கே.
ஒன்றோடொன்று முட்டாமல் தூக்கிப் பிடித்தான்,
உயிருள்ள இரண்டு நண்டைப் போல.

சாவியைக் கொடுத்தேன்.
வான் ஒரு கணம் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒரு கணத்தில்
தோளில் பெட்டியோடு வேலூர்ச் சனமெல்லாம் நடப்பதைக் கண்டேன்.
பிறகு கிளம்பிற்று.

மூன்றரைக்கு மைதானத்தில் பாதி முடிந்திருந்தது.
கடற்கரை வீதியால் பறைமேளம்,
அதற்குப் பின்னால் அவன்.
எழும்பி நிற்க வேணும்தான்.
எழும்பினால் ஆசனம் அறியும், எஞ்சின் நிற்கும்,
இன்னொரு வான் இன்றைக்கு வராது.
பிளேட்டை விலக்கினேன்,
சத்தத்தை இயன்றளவு குறைத்தேன்,
தொப்பியையும் கண்ணாடியையும் மடியில் வைத்து
இருந்தபடியே குனிந்தேன்.

ஸ்ரேசன் மாஸ்ரர், மன்னிக்க வேணும்.
ஓடுகிற ஒன்றை நிப்பாட்டுவது
எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

மெர்வின் ஒருதரம் லைற்றடித்தான்.