கைராசி

குத்தாய்சி நகரம், மூன்றாம் மாடி,
தீவிர சிகிச்சைப் பிரிவு.
லமாரா எண்ணுகிறாள்.
சட்டைப் பையில் சின்ன நோட்டு.
நோயாளியைத் தொடுமுன் கழுவினால் ஒரு கோடு,
தொட்ட பின் கழுவினால் இன்னொன்று,
கழுவாத கைக்கு வட்டம்.

அவள் வருகிறாள் என்று தெரிந்தால்
இன்ஸ்பெக்டர் வந்த பள்ளிக்கூடம் போல
எல்லாக் கையிலும் நுரை.
அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு
ஜன்னலோரம் நிற்பாள்,
எக்ஸ்ரே படம் பார்க்கிறவள் மாதிரி.
கண்ணாடியில் வார்டு தெரியும்,
வார்டுக்குள் ரியோனி ஆறு ஓடும்.

டாக்டர் ரமாஸ் கைராசிக்காரர்.
அவர் தொட்டால் போதுமென்று
மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள்.
நோட்டில் அவர் பெயருக்கு நேரே
பதினொரு வட்டம்.
ராசி தண்ணீரில் போய்விடும் என்று பயமோ
என்னவோ.

பிப்ரவரியில் நாலாம் கட்டில்.
மார்ச்சில் ஆறு. பிறகு ஏழு.
ஆய்வகத்துத் தட்டில்
மருந்து வில்லையைச் சுற்றி
வெறும் வட்டம் விழ வேண்டும், கிருமி விலகி நின்றதற்கு அடையாளமாக.
விழவில்லை.
வில்லையின் விளிம்புவரை ஏறி வந்து
சாவகாசமாக வளர்ந்திருந்தது.

ஏழில் அவ்தாந்தில், பஸ் டிரைவர்.
குடல்வால் வெடித்து வந்தவர்.
அது ஆறிவிட்டது.
ஆறிய பிறகுதான் காய்ச்சல்.
"வரும்போது இல்லாதது
இங்கே எப்படி வந்தது?"
அவர் மனைவி த்சியாலா தினமும் கேட்பாள்.
லமாரா நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து
பதினொரு வட்டத்தையும் மறைத்துக்கொள்வாள்.

பஞ்சுக் குச்சியோடு போய் நின்றபோது
ரமாஸ் மறுக்கவில்லை.
இரண்டு கையையும் நீட்டினார்
வளையல்காரரிடம் நீட்டுவதைப் போல.
விரலிடுக்கெல்லாம் துடைத்தெடுத்தாள்.
கட்டில் கம்பி, திரைச்சீலை,
கீபோர்டு, கதவுப் பிடி,
எதையும் விடவில்லை.

மூன்றாம் நாள் தெரிந்தது.
அவர் கையில் ஊரில் எல்லார் தோலிலும் உள்ளதுதான்.
தேடிய ஆள்
ஏழாம் கட்டிலுக்கு ஓரடி தள்ளி,
கைகழுவும் தொட்டியின் வளைந்த குழாய்க்குள்
வழுவழுவென்று குடியிருந்தது.
தண்ணீர் விழ விழ
பொடித்துளியாய் மேலே தெறித்தது.
அவள் கோடு போட்டு மெச்சிய
ஒவ்வொரு கைக்கும்
ஒரு தெறிப்பு.

பிளம்பர் ஜும்பெர் குழாயைக் கழற்றி
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
"இதில் என்னதான் ஊற்றுகிறீர்கள்?"
மிஞ்சிய குளுக்கோஸ்.
மூக்குக் குழாயில் போனது போக மீதிப் பால்.
ஆறிப்போன டீ.
அப்புறம்
த்சியாலா கொண்டுவரும் பச்சை நிறத் தார்ஹுன் சோடா.
அவரால் இரண்டு வாய்க்கு மேல் முடியாது.
மீதியை ஊற்றி, பாட்டிலை அலசி,
துடைத்து, அவளிடமே திருப்பித் தந்தது
லமாரா.
தினமும்.
அன்பாகத்தான்.

புதுப் பக்கம் எடுத்து
தன் பெயரை எழுதினாள்.
கோடா, வட்டமா?
சோறு போட்டு வளர்த்த கைக்கு
அவளிடம் குறி இல்லை.

"தொட்டியை மாற்றியாயிற்று.
இந்தப் பேச்சைக் கைகழுவிவிடு" என்றார் இயக்குநர்.
அவள் போய்க் கையை மட்டும் கழுவினாள்,
முழங்கை வரை.
பிறகு த்சியாலாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு
குழாயிலிருந்து தொடங்கிச் சொன்னாள்,
சோடாவையும் சேர்த்து.
த்சியாலா ஒரு வார்த்தை பேசவில்லை.
கைப்பையின் ஜிப்பை
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

அன்றிலிருந்து ரமாஸ் திருந்தினார் என்று
எழுத ஆசைதான்.
பன்னிரண்டாவது வட்டம் விழுந்தது.

அவ்தாந்திலுக்குக் கடைசி மருந்து
சொட்டிக்கொண்டிருக்கிறது.
காய்ச்சல் முப்பத்தெட்டில்,
இறங்கவுமில்லை, ஏறவுமில்லை.

மறுநாள் மறுபடி பச்சை பாட்டில்.
அவருக்கு இரண்டு வாய் கொடுத்துவிட்டு
த்சியாலா மீதியை லமாராவிடம் நீட்டினாள்.
"குடி. முழுசும்."
லமாரா வராந்தாவில் நின்று
கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.
இவ்வளவு இனிப்பென்று
இதுவரை அவளுக்குத் தெரியாது.