தோண்டாமல்

அறுபத்தைந்து முடிந்த வாரம்
மாகாண நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது.
இங்கே எல்லா ஆண்களுக்கும் வருவதுதான்:
வயிற்றைக் காட்டிவிட்டுப் போ, பத்து நிமிடம், வலிக்காது.
போனேன்.
குளிர்ந்த பசை தடவிக் கருவியை உருட்டிக்கொண்டே
மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசிவந்த பெண்
பேச்சை நிறுத்திய இடத்தில்
என் மகாதமனி வீங்கியிருந்தது.

ஐம்பத்தேழு மில்லிமீட்டர்.
எனக்கு அளவுகள் புரியும்.
முப்பத்தொரு வருடம் உமியோ நகரின்
சாக்கடைக் குழாய்களோடு குடித்தனம் நடத்தியவன்.
"வலிக்கிறதா இங்வார்?" என்றாள் குனில்லா.
இல்லை.
அதுதான் அவளைப் பயமுறுத்தியது.
பனி தள்ளும் மண்வாரியை ஒளித்துவைத்தாள்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
நான் அப்படித் தும்மினேன், இரண்டு மாதம்.

டாக்டர் ஸிமின் ஒரு காகிதத்தில் வரைந்தார்.
வயிற்றைத் திறக்கப்போவதில்லை.
தொடையிடுக்கில் இரண்டு துளை.
மடித்த துணிக்குழாய் உள்ளே போகும், அங்கேயே விரியும்.
பழைய சுவர் பழைய இடத்தில் இருக்கும்.
ரத்தம் புதியதன் வழியே போகும்.

சிரித்துவிட்டேன்.
ஸ்டோர்காதன் தெருவுக்கு அடியில்
விரிசல்விட்ட மண்குழாய்க்குள்
பிசினில் ஊறிய நீண்ட காலுறையைச் செலுத்தி
வெந்நீரால் ஊதி இறுகவைத்தவன் நான்.
ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை.
மேலே பேக்கரி ஒரு மணி நேரமும் கதவடைக்கவில்லை.

"அப்படியானால் உங்களுக்கு விளக்கவே வேண்டாம்."
"வேண்டும் டாக்டர். அப்போது நான் குழாயாக இருக்கவில்லை."

விழித்தே இருந்தேன்.
ஈயக் கவசம் அணிந்தவர்கள் எல்லோரும்
என்னைப் பார்க்காமல் என் படத்தைப் பார்த்தார்கள்.
சாயம் இறங்கியபோது இடுப்பில் ஒரு வெதுவெதுப்பு,
சிறுவயதில் படுக்கையை நனைத்தது போல.
அப்போது திருமதி ஓக்கெர்மான் நினைவுக்கு வந்தார்.
அவர் வீட்டுக் கிளைக்குழாயை
உறையோடு சேர்த்து மூடிவிட்டேன் ஒருமுறை.
நிலவறையில் கணுக்கால் ஆழம்.
தைக்காத கம்பளிகள், கிறிஸ்துமஸ் பெட்டிகள், எல்லாம்.

"சிறுநீரகக் கிளைகள்" என்றேன், "மூடிவிடாதீர்கள்."
"மூச்சை அடக்குங்கள்" என்றார் ஸிமின்.
அடக்கினேன்.
திரையில் என் முதுகெலும்பு ஏணியின் முன்னால்
ஒரு கம்பிக் குடை
மழையே இல்லாமல் விரிந்தது.

இரண்டு பிளாஸ்திரியோடு மறுநாள் மாலை வீடு.
வீங்கிய பை இன்னும் உள்ளேதான் இருக்கிறது,
ஆற்றைத் திருப்பிவிட்ட பிறகு
பெயரை மட்டும் வைத்துக்கொண்ட துறைபோல.

ஒரு வருடம் கழித்து ஸ்கேன்.
முதுகுப் பக்கச் சிறு கிளை ஒன்றிலிருந்து
பின்னோக்கிக் கசிகிறதாம், அந்தப் பைக்குள்.
"பெரிதாகவில்லை. பார்த்துக்கொண்டே இருப்போம்."
எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருப்பேன்
இதே வாக்கியத்தை, இதே குரலில்,
கேமராவைச் சுருட்டிக்கொண்டே.
அவர்கள் அன்றிரவு தூங்கினார்களா என்று
கேட்டதில்லை.

ஸ்டோர்காதனில் பனி உருகுகிறது.
இரும்பு மூடியொன்றின் மேல் நின்று காது கொடுக்கிறேன்.
பேக்கரி வாசலில் ஏலக்காய் பன்னோடு குனில்லா
வா என்கிறாள்.
பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது.
இரு, இன்னும் கொஞ்சம்.