மிச்சம் நாற்பத்து மூன்று

கொழுந்து மடுவத்தில் கூட்டம்.
நாலரைக்கென்று சொன்னது
ஐந்தே காலுக்குத் தொடங்கியது.
கடைசி நிறுவை முடிந்து
தராசுக் கொக்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
அட்டனிலிருந்து வந்த அமைப்பாளர்
சப்பாத்தில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு
மாநாட்டு விதியை வாசித்தார்:
சந்தா கட்டும் ஐம்பது பேருக்கு
ஒரு பேராளர்.

நான் கிளைச் செயலாளர்.
கொப்பியைத் திறந்தேன்.
மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் சேர்த்து
நூற்று நாற்பத்து மூன்று பேர்.
அதில் பெண்கள் தொண்ணூற்றெட்டு.
இரண்டாவது கணக்கை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வாசித்திருப்பேன்.

ஆக, இரண்டு பேர்.
ஒன்று, தலைவர் பெரியாண்டி.
முன்மொழியும் முன்பே கை தட்டினார்கள்.
மற்றது அவர் மருமகன் டிலக்சன்.
கொழும்பில் கடையில் நின்றவன்,
மைக்கைக் கண்டு நடுங்காதவன்.
‘ஏகமனதாக’ என்று
முந்தின இரவே எழுதி வைத்திருந்தேன்.
அவசரத்தில் எழுதினால்
என் எழுத்து கோணும்.

அப்போது தங்கேஸ்வரி,
கூடையை இறக்காமலே:
“பதினெட்டுக்கு மேல பறிச்சா
மேல் கிலோவுக்குக் காசு போடுறாங்க.
அம்பதுக்கு மேல ஆள் நின்னா
அதுக்கு என்னாங்க போடுவீங்க?”

யாரோ சிரித்தார்கள்.
தகரத்தில் மழை விழத் தொடங்கியது.
அமைப்பாளர் விரல் விட்டுப் பார்த்தார்.
இரண்டு ஐம்பது போக
மிச்சம் நாற்பத்து மூன்று.
பாதிக்கு மேலென்றால் முழுசாய் எடுக்கலாம்
என்று அவர் கையிலிருந்த தாளிலேயே இருந்தது,
பின்பக்கத்தில்.

மூன்றாவது இடத்துக்கு
டிலக்சனின் கூட்டாளி ஒருவனைச் சொன்னார் தலைவர்.
தங்கேஸ்வரி தன் பெயரைத் தானே சொன்னாள்.
துண்டு எழுதப் பேப்பர் இல்லை.
“ஆளுக்குப் பின்னால போய் நில்லுங்க,
எண்ணிடுவோம்.”

அவன் கதவருகே நின்றான்.
அவள் தராசுக்குக் கீழே.
கொஞ்ச நேரம் மழை மட்டும்தான் அசைந்தது.
பிறகு ஒருத்தி போனாள்,
அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தியும் போனாள்.
“இன்னைக்கு அரைப்பேர் வாங்கினவங்க
நிக்க ஏலாது,” என்றார் தலைவர்.
“அப்ப பாதி ஓட்டாப் போட்டுக்குங்க,
சந்தாவை முழுசாத்தானே வெட்டுறீங்க,”
என்றது ஒரு குரல்.
யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.
பதினாறு வருடமாக
என் காம்பராவில் கேட்கும் குரல்.
செபஸ்தியாயி என்னைப் பார்க்காமலே
தராசுப் பக்கம் நடந்தாள்.

நான் எண்ணினேன்.
கதவருகே இருபத்தாறு.
தராசடியில் முப்பத்து நான்கு.
எண்ணுகிறவன் எந்தப் பக்கம் என்று
விதியில் இல்லை.
கொப்பியை நெஞ்சில் அணைத்தபடி
இரண்டுக்கும் நடுவில்
ஓட்டை ஒழுகும் இடத்தில் நின்றிருந்தேன்.

அமைப்பாளர் கை குலுக்க வந்தார்.
அவள் கறை படிந்த விரல்களை
சாக்கில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
“மாநாடு சனிக்கிழமையாம்.
அன்னைக்கு எனக்குப் பேர் விழுமா?”

தலைவர் அமைப்பாளரைப் பார்த்தார்.
அமைப்பாளர் மழையைப் பார்த்தார்.

லயத்துக்கு வந்து
‘ஏகமனதாக’ என்பதை அடித்தேன்.
மை ஊறி அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.
மேலே 34 என்று எழுதினேன், பக்கத்தில் 26.
கீழே, கேட்கப்பட்ட கேள்வி என்று போட்டு
அவள் சொன்னபடியே எழுதினேன்.
பதில் என்று போட்டு
இரண்டு வரி விட்டிருக்கிறேன்.
செபஸ்தியாயி எட்டிப் பார்த்து
“ரெண்டு வரி காணுமா?” என்றாள்.