சிவப்புக் கடதாசி

அப்புத்தளையில் மூடுபனிக்கு நேரசூசி கிடையாது.
ரயிலாவது ஏதோ ஒரு மணிக்கு வந்துவிடும்.
பனி கடைக்குள் ஏறினால்
கல்லாப்பெட்டித் தாள்கள் மெத்தென்றாகும்,
தீக்குச்சி மூன்றாம் உரசலுக்குத்தான் வாய் திறக்கும்.
இந்தக் கடையில்தான் நான் சுருட்டு விற்கிறேன்.

மாதத்தில் இரண்டாம் செவ்வாய், விடியுமுன்
நவரத்தினராசாவின் லொறி.
யாழ்ப்பாணத்துப் பெட்டிகள், ஒன்றில் ஐம்பது.
மூடியும் உடலும் சேரும் இடத்தில்
ஒட்டிய சிவப்புக் கடதாசி,
அதில் ஒரு மயில், அச்சுப் பிசகி
இரண்டு அலகோடு.
"ஒட்டு உடைக்காமல் எடுத்தால் ஒரு விலை, அக்கா.
உடைச்சுப் பாத்து எடுத்தால் பெட்டிக்கு நூறு கூட.
உடைச்சிட்டு வேண்டாமெண்டால்
அதை நான் ஆருக்கு விக்கிறது?"

நியாயம்தான்.
என்னிடமும் ஒன்று இருக்கிறது:
போன ஐப்பசியில் ஒட்டுக் குலையாத பெட்டி.
மேல் வரிசை கல்யாணப் பந்திபோல.
கீழ் வரிசையில் ஊசி குத்தினாற்போல் துளைகள்,
ஒரு துளையின் வாசலில்
எள்ளைவிடச் சின்னதாய் மண்ணிற வண்டு.
வாடகை கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.

அதற்கு முந்திய பெட்டியில் வெள்ளைப் பூஞ்சணம்.
திருப்பிக் கொடுத்தேன். மோந்து பார்த்தார்.
"இது எங்கட பூஞ்சணமில்லை.
எங்கட பக்கம் வெயில்.
இது உங்கட மலை செய்த வேலை.
திறந்து எத்தனை நாள்?"
நாலு நாள்.
நாலு நாளில் பூத்ததா,
பூத்தபடியே மலை ஏறியதா?
சாட்சி சொல்லக்கூடியது அந்தச் சிவப்புக் கடதாசி மட்டும்.
அதைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்திருந்தேன்.

சண்டைக் காலத்தில் இந்தக் கேள்வி இருக்கவில்லை.
எல்லாப் பெட்டியும் திறந்தே வந்தன.
ஓமந்தையில் இறக்கி, கம்பி விட்டுக் குத்தி,
மயிலின் கழுத்தை அறுத்து,
பிறகு சணலால் கட்டி அனுப்பினார்கள்.
முறிந்தவற்றை அவருடைய அப்பா
தனிச் சாக்கில் கொண்டுவருவார், பாதி விலை.
அட்டைக்கடிக்குக் காலில் தேய்க்கிறவர்களுக்கு
முறிந்தாலென்ன, முறியாவிட்டாலென்ன.
ஒரு முறை எண்ணினேன், நாற்பத்தொன்பது.
எனக்கு முன்பே உள்ளே பார்த்த எவனோ ஒரு பையன்
கூதலுக்கு ஒன்றைப் பற்றவைத்திருப்பான்.
கணக்கில் அதைக் குறை என்று நான் எழுதவில்லை.

இன்று செவ்வாய்.
மேசையில் ஐந்து பெட்டி, நடுவில் அவருடைய பேனாக்கத்தி.
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்க்கிறேன்:
ஈரம் குடித்தது கனக்கும், வண்டு குடித்தது லேசாகும்,
இரண்டும் சேர்ந்து குடித்திருந்தால்
சரியான எடை காட்டும்.
"இதில் உங்களுக்கென்றால் எதை எடுப்பீர்கள்?"
சிரிக்கிறார். "நான் குடிக்கிறதில்லை, அக்கா.
எனக்கும் ஒட்டித்தான் தாறாங்கள்."

அப்படியானால் ஒருவருக்கும் தெரியாது.
வாசலில் மருதை, இடுப்புப் படங்கைப் பிழிந்துகொண்டு:
"ரெண்டு குடுங்கம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு."
இங்கே கடதாசியைக் கிழித்தால்
உள்ளே முதலில் கை விடுவது பனிதான்.

லொறிக்குப் போனோம்.
இருக்கைக்குக் கீழே இஞ்சின், இன்னும் சூடு.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
சாரதி சுமனபால ஒதுங்கி இடம் கொடுத்தார்.
நான்கு பேர், எட்டு முழங்கால், மடியில் ஒரு பெட்டி.
கிழிக்காமல், ஓரத்தில் கத்தி நுழைத்து
மயிலை முழுசாய் உரித்தெடுத்து
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார் நவரத்தினராசா.

மூடி எழுந்ததும் வாசனை.
பனங்கருப்பட்டியா, வெயிலா,
நான் போய்ப் பார்க்காத ஒரு முற்றமா.
சுமனபால கண்ணை மூடிக்கொண்டார்.
மேல் வரிசையில் இரண்டை உருவி
காதருகே உருட்டிப் பார்த்தான் மருதை.
"நல்லாத்தானே இருக்கு."

கீழ் வரிசையைத் தூக்க என் விரல் போனது,
பாதியில் நின்றது.
ஒரு பெட்டிக்கான நூறை எண்ணிக் கொடுத்தேன்.
மற்ற நாலையும் ஒட்டோடு இறக்கச் சொன்னேன்.