எண்பது பாகம்

ஹட்டன் சந்தை. மழை.
கலவாய் மீனின் வாயைப் பிளந்து பார்த்து
"வயிறு எப்படி வாய்க்கு வந்துச்சு?" என்கிறாள்
செவனம்மா, கையில் லீக்ஸ் கட்டோடு.

நான்தான் இழுத்தேன்.
திருகோணமலைக்கு வெளியே
பாருக்கு மேல் படகை நிறுத்தி
எண்பது பாகம் தங்கூசி;
விரல் மடிப்பில் இன்னும் கோடு இருக்கிறது.
முதல் இருபது பாகம் அது என்னை இழுத்தது.
பிறகு இழுக்கவில்லை, கனத்தது மட்டும்.
சம்மாட்டி பீடியை மாற்றிக் கடித்தார்:
"இனி ஓடாது. உள்ளே இருக்கிற காத்தே
தூக்கிக்கொண்டு வரும்."
மல்லாந்து மிதந்தது,
கண் இரண்டும் வெளியே.

நேற்றிரவு ஐஸ் பெட்டியோடு லொறியில் ஏறினேன்.
கினிகத்தேனை வளைவில் காது அடைத்தது.
எச்சில் விழுங்கினேன். திறந்தது.
எனக்கு லொறி மெதுவாக ஏறியது.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்:
"ஆழத்து மீன் அக்கா. புதுசு."
பெருவிரலால் வயிற்றை உள்ளே தள்ளி
தராசில் வைத்தேன்.

கொழுந்துக் கறை படிந்த விரலால்
அதன் கண்ணை மூடப் பார்த்தாள்.
மீனுக்கு ஏது இமை.
"தலையைத் தனியாக் குடு" என்றாள்,
நூறு ரூபாய் குறைத்துக் கேட்டாள்.